அடக்கவிலை தெரிந்த ஒரு பாத்திரக்கடை

கும்பகோணத்தில் கும்பேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பாத்திரக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் பன்னிரண்டு அடி அகலமே உள்ள ஒரு சிறிய வீட்டு உபயோகப் பொருள் கடையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். தம் பெயரும் கடையின் பெயரும் வெளியில் வருவதைக் கடைக்காரர் விரும்பாததால் அவற்றைத் தவிர்க்கிறேன். மகளின் திருமணச் சீர்ப் பாத்திரங்களுக்காக 2025 ஆகஸ்டில் முதல்முறை அங்கே சென்றேன்; அதன் பிறகு ஐந்து முறை போய்விட்டேன். சாமான் தரமாக இருக்கிறது, விலை நியாயமாக இருக்கிறது என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த நியாயம் எப்படி உண்டாகிறது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் நானும் மயிலாடுதுறைப் பக்கம் ஏழு ஆண்டுகள் இதே தொழில் செய்து, விலை வைக்கத் தெரியாமல் கடையை மூடியவன்.

என் கடையில் நான் செய்த தவறு மிக எளிமையானது. துடைப்பமோ குத்துவிளக்கோ எதுவானாலும் கொள்விலையின் மேல் நூற்றுக்கு 25 ரூபாய் வைத்தேன். கணக்குப் போடுவதற்கு அது சுலபம். எல்லாருக்கும் ஒரே அளவு என்பதால் நேர்மையானது என்றும் நம்பினேன். ஆடி மாதத்தில் மற்ற கடைகளைப் பார்த்துப் பத்து சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைத்தபோது, 100 ரூபாய்க்கு வாங்கி 125 ரூபாய்க்கு விற்க வேண்டிய பாத்திரம் 112 ரூபாய் 50 காசுக்குப் போயிற்று. விலையில் பத்து சதவீதம்தான் குறைத்தேன். என் லாபத்தில் சரிபாதி போய்விட்டது என்பது ஆண்டு முடிவில்தான் புரிந்தது. வாங்கிய விலையின் மேல் வைக்கும் 25 சதவீதம், விற்கும் விலையில் பார்த்தால் 20 சதவீதம்தான் என்ற சின்ன உண்மையைக்கூட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இந்தப் பின்னணியோடு கடைக்குள் நுழைந்ததால்தான் மற்றவர்கள் கவனிக்காத ஒன்று என் கண்ணில் பட்டது. அங்குள்ள ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒட்டியிருக்கும் சீட்டில் விற்பனை விலை எண்ணிலும், அதன் கீழே மூன்று நான்கு தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வோர் எழுத்தையும் ஓர் இலக்கத்துக்கு ஈடாக்கி அடக்கவிலையை, அதாவது சரக்கை வாங்கிக் கடைக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆன மொத்தச் செலவை, குறித்துவைப்பது பழைய வியாபாரிகளின் வழக்கம். இவர் அந்தக் குறிப்போடு சரக்கு வந்த மாதத்தையும் சேர்த்து எழுதுகிறார். அலமாரியில் ஆறு மாதம் தாண்டிய சரக்கு எது என்பது சீட்டைத் திருப்பினாலே தெரிந்துவிடுகிறது. எழுபது வயதைத் தொட்ட அவருக்கும், கல்லாவில் அமர்ந்து பில் போடும் அவருடைய மருமகளுக்கும் தவிர அந்தச் சொல் வேறு யாருக்கும் தெரியாது. எனக்கும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

எனக்குக் காட்டியது அவருடைய பேரேட்டை. நானும் இந்தத் தொழிலில் இருந்தவன் என்று சொன்னதும், "வாங்க தம்பி, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, நீளவாக்கில் தைத்த அந்த நோட்டைத் திறந்தார். கொள்விலை, வரி, லாரி வாடகை, ஏற்றுகூலி இறக்குகூலி, சேதாரம், அடக்கம், விலை என்று ஏழு கட்டங்கள். சென்னை ராசப்ப செட்டி தெருவிலிருந்து எவர்சில்வர் வருகிறது. கண்ணாடிச் சாமானும் பிளாஸ்டிக்கும் வேறு இடங்களிலிருந்து வருகின்றன. ஒரு டஜன் கண்ணாடி டம்ளருக்கு வரியோடு 240 ரூபாய் கொடுத்திருக்கிறார். வண்டி வாடகையும் கூலியும் 24 ரூபாய். பெட்டியைப் பிரித்தபோது ஒன்று உடைந்திருந்தது. ஆகவே 264 ரூபாயைப் பதினொன்றால் வகுத்து ஒரு டம்ளரின் அடக்கம் 24 ரூபாய் என்று எழுதியிருக்கிறார். என் பழைய கடையாக இருந்தால் அதே டம்ளரின் அடக்கத்தை 20 ரூபாய் என்று நினைத்து 25 ரூபாய் விலை போட்டு, ஐந்து ரூபாய் கிடைத்தது என்று மகிழ்ந்திருப்பேன். உண்மையில் கிடைத்திருக்கக்கூடியது ஒரு ரூபாய்.

வரிக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிறு கடைக்காரர்கள் பலர் வழுக்கி விழும் இடம் அதுதான். ஆண்டு விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை, ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் வியாபாரி ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இவர் அதில்தான் இருக்கிறார். விற்றுமுதலில் ஒரு சதவீதம் கட்டினால் போதும், கணக்கு வேலை குறைவு என்பது அதன் வசதி. ஆனால் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அதாவது வாங்கும்போது கொடுத்த வரி முழுவதும் அடக்கவிலைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. 100 ரூபாய் மதிப்புள்ள பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு 18 ரூபாய் வரி, நான்கு ரூபாய் வண்டிக்கூலி, அடக்கம் 122. அதை 140 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 18 ரூபாய். அதிலும் விற்றுமுதல் வரியாக ஒரு ரூபாய் 40 காசு போக, மிச்சம் 16 ரூபாய் 60 காசு. விற்ற விலையில் அது பன்னிரண்டு சதவீதம்கூட இல்லை. அதிலிருந்துதான் வாடகை, மின்கட்டணம், வேலையாளின் சம்பளம் எல்லாம் வர வேண்டும். 100 ரூபாய்ச் சாமானை 140க்கு விற்கிறான் என்று வெளியில் நிற்பவர் நினைக்கலாம். கடைக்காரரே அப்படி நினைத்துவிட்டால் அந்தக் கடை நிற்காது.

அடக்கம் சரியாகத் தெரிந்த பிறகு லாபத்தை எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்கு இவர் பொருளுக்கொரு விடை வைத்திருக்கிறார். துடைப்பம், பக்கெட், மக், சாதாரண டம்ளர், தேங்காய் நார் ஆகியவற்றின் விலை எல்லார் வாயிலும் இருக்கும். இரண்டு ரூபாய் கூடினாலும் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். இவற்றுக்கு மிகக் குறைந்த லாபமே வைக்கிறார். 50 ரூபாய் அடக்கத்தில் வரும் பூந்துடைப்பத்தை 56 ரூபாய்க்குத் தருகிறார். முதலில் எனக்கு அது வீண் உழைப்பாகத் தெரிந்தது. அவர் கணக்கைப் போட்டுக் காட்டினார். 1,000 ரூபாய்க்கு இருபது துடைப்பம்; ஒரு மாதத்தில் விற்றுவிடும்; 120 ரூபாய் நிற்கும். அதே 1,000 ரூபாய் மறுபடி துடைப்பமாகி மறுபடி விற்று, பன்னிரண்டு முறை சுற்றினால் ஆண்டுக்கு 1,440 ரூபாய். 4,000 ரூபாய் அடக்கமுள்ள குத்துவிளக்கை 5,200க்கு விற்றால் முப்பது சதவீதம் என்று கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் அது ஆண்டுக்கு ஒன்றுதான் போகிறது என்றால், அதில் முடங்கிய ஒவ்வோர் ஆயிரமும் 300 ரூபாய்தான் சம்பாதிக்கிறது. ஆகவே தூங்குகிற சரக்குக்குக் கூடுதல் லாபம் வைப்பதைப் பேராசை என்று சொல்ல முடியாது. அது தூங்கும் காலத்துக்கான வாடகை. இடியாப்ப நாழி, பணியாரக்கல், அரிவாள்மனை, பெரிய இட்லிக் கொப்பரை போன்றவையும் இந்த வகையில்தான் வருகின்றன. ஆண்டுக்கு ஒரு முறையோ பத்தாண்டுக்கு ஒரு முறையோ வாங்கும் இவற்றை எல்லாக் கடைகளிலும் பார்க்கவும் முடியாது.

கடையிலேயே அதிக விகிதத்தில் லாபம் நிற்கும் பொருள் எது என்று கேட்டபோது குக்கர் கேஸ்கட் என்றார். அதை விற்கும் விதத்தை அன்றே நேரில் பார்த்தேன். ஓர் அம்மா துணிப்பையில் ஐந்து லிட்டர் குக்கரைக் கொண்டுவந்து, விசில் வரவில்லை, பக்கவாட்டில் ஆவி போகிறது, புதிது ஒன்று காட்டுங்கள் என்றார். இவர் புதிய குக்கர் எதையும் எடுக்கவில்லை. மூடியைத் திருப்பி, பழைய ரப்பர் வளையத்தைக் கழற்றி விரலால் வளைத்துப் பார்த்தார். அது பழைய செருப்புத் தோல் மாதிரி இறுகியிருந்தது. மூடியின் நடுக்குழாய்க்குள் தென்னங்குச்சியை விட்டுச் சுழற்றியதும் காய்ந்த பருப்பு உதிர்ந்தது. பாதுகாப்பு வால்வை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, அது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதே கம்பெனியின் கேஸ்கட்டை எடுத்துப் பொருத்தி, மூடியைப் பூட்டித் திறந்து காட்டினார். அச்சிட்ட விலையை முழுவதுமாக வாங்கினார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை. ஆயிரத்துக்கு மேல் செலவாகும் என்று வந்தவர் நூறு ரூபாய்க்குள் முடித்துக்கொண்டு போனார். அந்த விலையில் ரப்பர் வளையத்தோடு அவருடைய பத்து நிமிடமும், ஐம்பது ஆண்டுப் பழக்கமும், பதினைந்து அளவுகளில் கேஸ்கட் வாங்கி அடுக்கிவைத்திருக்கும் முதலும் அடங்கியிருக்கின்றன.

குக்கரைப் பற்றி இன்னொன்று. 2021 பிப்ரவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத வீட்டுப் பிரஷர் குக்கரை விற்கக் கூடாது. முத்திரையில்லாத மலிவுக் குக்கரில் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் அதிகம் என்பதால் அதைக் கொண்டுவந்து கொடுக்கும் ஆட்கள் சிறு கடைகளைத் தேடி வருவதுண்டு. என் கடைக்கும் வந்திருக்கிறார்கள். இவர் அதை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறார். முத்திரையுள்ள பெரிய கம்பெனிக் குக்கரில் மிகச் சொற்பமாகவே நிற்கிறது. இணையத்தில் இன்னும் குறைவாகக் கிடைக்கிறது என்று கைப்பேசியை நீட்டிக் காட்டுகிறவர்களிடம், "அங்கேயே வாங்கிக்குங்க, கேஸ்கட் போட இங்கே வாங்க" என்று கோபமில்லாமல் சொல்கிறார்.

இவருடைய விலைமுறையில் என்னை முதலில் முகம் சுளிக்கவைத்து, பிறகு மிகவும் மதிக்கவைத்த ஒன்று உண்டு. ஆகஸ்டில் நான் பார்த்துவிட்டுப் போன பித்தளைக் குடம், செப்டம்பரில் அதே அலமாரியில், அதே இடத்தில், விலை கூடியிருந்தது. பழைய சரக்குக்கு எதற்குப் புதிய விலை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். பித்தளை கிலோ விலை ஏறிவிட்டது என்றார். பழைய விலைக்கு வாங்கிய சரக்குத்தானே என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை. அன்று குடத்தை வாங்காமல் திரும்பினேன். அதே மாதம் 22ஆம் தேதி எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களின் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அக்டோபர் தொடக்கத்தில் நான் போனபோது கடை முழுவதும் எவர்சில்வரின் ஒட்டுச்சீட்டுகள் மாறியிருந்தன. காம்போசிஷன் வியாபாரி என்பதால் பழைய சரக்குக்கு அவர் கட்டிய 12 சதவீதம் திரும்ப வராது என்பது எனக்குத் தெரியும். 200 ரூபாய் மதிப்புள்ள தூக்குவாளிக்கு அவர் 224 கொடுத்திருந்தார். இனி வருவது 210. ஒரு வாளிக்கு 14 ரூபாய் அவர் கையிலிருந்து போகிறது.

பழைய சரக்குக்குமா குறைத்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கு இதே வாளியை நான் என்ன விலைக்கு வாங்குவேனோ, அதுதான் தம்பி இன்னிக்கு இதோட அடக்கம். ஏறினாலும் அப்படித்தான், எறங்கினாலும் அப்படித்தான்" என்றார். பித்தளைக் குடத்தின் விலை ஏறியதும் எவர்சில்வர் வாளியின் விலை இறங்கியதும் ஒரே விதியின் இரண்டு பக்கங்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விற்ற குடத்தின் இடத்தில் இன்னொரு குடத்தை வாங்கி வைக்க முடியாத விலைக்கு விற்றால், அலமாரி ஒவ்வொன்றாகக் காலியாகும். என் கடையின் அலமாரிகள் அப்படித்தான் காலியாயின. விலை ஏறும்போது மட்டும் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது விட்டுவிடுகிற கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டவரை இங்கேதான் பார்த்தேன். குடத்தை அன்று ஏறிய விலைக்கே வாங்கிவந்தேன்.

சீர்ப் பாத்திரங்களின் விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். 31 பாத்திரங்கள் கொண்ட பட்டியலுக்கு வேறொரு பெரிய கடையில் 24,000 ரூபாய் என்று சொல்லி, இருபது சதவீதம் தள்ளுபடி போக 19,200 என்றார்கள். இவர் தள்ளுபடி எதுவும் சொல்லாமல் 18,640 என்றார். வித்தியாசம் 560 ரூபாய்தான். ஆனால் இரண்டு கடையின் தூக்குவாளியையும் தராசில் வைத்தால் அங்கே 340 கிராம், இங்கே 410 கிராம். முன்பணம் கொடுத்து ஆர்டர் செய்வதால் சரக்கு அலமாரியில் தூங்குவதில்லை, ஆகவே சீர்ப் பட்டியலுக்கு லாபத்தைக் குறைத்துத்தான் போடுகிறேன் என்று அவரே சொன்னார். எல்லாப் பாத்திரத்திலும் மணமக்கள் பெயரை வெட்டித் தந்ததற்குத் தனிக் காசு வாங்கவில்லை. அந்தச் சிறு இயந்திரத்தின் கிர் ஓசையோடு மருமகள் எழுத்தெழுத்தாக வெட்டியபோது, 'ழ' எழுத்தின் வளைவு 31 பாத்திரத்திலும் ஒரே மாதிரி இருந்ததை என் மனைவி வீட்டுக்கு வந்தபின் கவனித்துச் சொன்னாள்.

குறைகளும் உண்டு. பிளாஸ்டிக் டப்பாக்களும் பக்கெட்டுகளும் பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள பெரிய கடைகளைவிட இங்கே விலை கூடுதல். பிளாஸ்டிக் எடை குறைவு, இடம் அதிகம். லாரிக்காரர் மூட்டையின் பருமனைப் பார்த்துத்தான் வாடகை கேட்கிறார், அதனால் சிறிய அளவில் வரவழைப்பவருக்கு வண்டி வாடகை தலைக்கு மேல் போகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாங்குபவர் அந்தக் கூடுதலைக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. முழு வண்டியாக இறக்கும் கடையோடு இந்தச் சாமானில் போட்டியிட முடியாதபோது, அவற்றை அரைப்பங்காகக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் உதிரிப் பாகங்களை வைக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். பக்கெட் வாங்க வருபவர்தான் பாத்திரமும் வாங்குகிறார் என்று மறுத்துவிட்டார். அதை நான் முழுமையாக ஏற்கவில்லை.

கண்ணாடிச் சாமானைக் கடையை விட்டு வெளியே கொண்டுபோனால் திரும்ப எடுப்பதில்லை. நான் வாங்கிய ஆறு டம்ளரில் ஒன்றில் மயிரிழை விரிசல் இருந்ததை மறுநாள் கொண்டுபோய்க் காட்டியும் மாற்றித் தரவில்லை. சேதாரத்தை அடக்கத்தில் ஏற்கெனவே சேர்த்துக் கணக்கிடுகிறவர், அந்த ஒன்றையும் சேதாரத்தில் எழுதியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒட்டுச்சீட்டின் பசையும் எளிதில் போவதில்லை. தேங்காய் எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது.

பேரம் இல்லை என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, இவ்வளவு வாங்கியிருக்கிறேனே, கொசுறாக ஒரு கரண்டி கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். கொசுறுக்கும் ஒரு விலை உண்டு ஆத்தா, அதை இன்னொருத்தர் தலையில்தான் வைக்கணும் என்று பணிவாகச் சொன்னாரே தவிர, கரண்டியைக் கொடுக்கவில்லை. பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்று இல்லாததால்தான் குறைந்த லாபத்தில் இவரால் நிற்க முடிகிறது என்பது என் முடிவு. என்றாலும் பாட்டியின் முகம் வாடியதைப் பார்த்தபோது மனம் கொஞ்சம் சங்கடப்பட்டது.

கடை காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கிறது; மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை மூடியிருக்கும்; இரவு எட்டரை வரை உண்டு. முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வாரங்களில் உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் திரும்ப முடியாது, ஆகவே சீர்ப் பட்டியல் கொடுப்பவர்கள் மார்கழியிலோ ஆடியிலோ போவது நல்லது. எவர்சில்வர், பித்தளை, குக்கர் உதிரிப் பாகம், இடியாப்ப நாழி போன்ற சமையலறைக் கருவிகள் ஆகியவற்றுக்குத் தயங்காமல் போகலாம். பிளாஸ்டிக்குக்கு வேறு கடையைப் பார்க்கலாம். குத்துவிளக்கு அவரிடம் எப்போதும் மூன்றுக்கு மேல் இருப்பதில்லை. அன்னம் வைத்த விளக்கு, ஆள் உயர விளக்கு என்று கேட்டால், இங்கே வாங்கினால் நான் ஒரு வருடம் வைத்திருந்த கூலியையும் நீங்கள் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, பத்து கிலோமீட்டர் தொலைவில் வார்க்கிற ஊரான நாச்சியார்கோவிலுக்கு எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதையும் அவரே சொல்லி அனுப்புகிறார்.